நுங்கம்பாக்கத்துக் கல்தூணும் இரண்டு பஞ்சாங்கங்களும்

2025 மார்ச் 29-ஆம் தேதி சனி பகவான் கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டார் என்று தொலைக்காட்சிகள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சனிக்கென்றே பெயர்பெற்ற திருநள்ளாறு கோயிலில் அன்று பெயர்ச்சி விழா நடக்கவில்லை. எங்கள் கணக்கு வாக்கிய பஞ்சாங்கப்படி, அதன்படி பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவித்தது. அதற்கு முந்தைய பெயர்ச்சியிலும் இதே கதைதான். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். காலை நடைக்கு வரும் நண்பர்களில் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள்: "வானத்தில் இருப்பது ஒரே சனி. அது எப்படி சார் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருக்கும்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் நிளா நதிக்கரைக்கும், புதுச்சேரிக்கும், நம் சென்னை நுங்கம்பாக்கத்துக்கும் போய்வர வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊரில் ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது "அரசமரத்திலிருந்து நாலாவது வீடு" என்கிறோம். எங்கிருந்து எண்ணுவது என்பதில் இருவரும் ஒத்துப்போனால்தான் நாலாவது வீடு என்பதற்குப் பொருள் உண்டு. வானத்திலும் அப்படித்தான். சூரியன் ஓராண்டில் சுற்றிவருவதாகத் தோன்றும் பாதையை 360 பாகையாகப் பிரித்து, பன்னிரண்டு ராசிகளுக்கு முப்பது முப்பதாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஆனால் வட்டத்துக்கு ஏது தொடக்கம்? நாமாக ஓரிடத்தில் கோடு கிழித்து, மேஷத்தின் முதல் புள்ளி இது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கோடு கிழிக்கும் வேலையைத்தான் இப்போதைய பள்ளிப் புத்தகங்களில் குறிப்பாயம் என்று பெரிய சொல்லால் சொல்கிறார்கள்.

கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் இரண்டு வழிகள். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20, 21 தேதியில் சூரியன் நிற்கும் இடத்தைத் தொடக்கமாக வைத்தால் அது சாயனம். மேல்நாட்டார் வழி இது. நட்சத்திரங்களை வைத்து, இன்ன நட்சத்திரத்துக்கு நேரெதிர் புள்ளிதான் தொடக்கம் என்று வைத்தால் அது நிராயணம். நம் வழி. ஒரு காலத்தில் இரண்டு கோடும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவதுபோல, சுமார் 25,800 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் சமபகல் புள்ளி ஆண்டுக்கு சுமார் 50 விகலை வீதம் பின்னோக்கி நகர்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் பார்த்தாலும் இரண்டு நிலா அகலம்தான் நகர்ந்திருக்கும். அரசமரத்திலிருந்து எண்ணுவதற்கும், ஆண்டுக்கு ஒரு விரற்கடை நகரும் தேரிலிருந்து எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இப்போது இரண்டு கோடுகளுக்கும் நடுவே 24 பாகைக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி விழுந்திருக்கிறது. இந்த இடைவெளிக்குத்தான் அயனாம்சம் என்று பெயர். அதன் விளைவை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறோம். உண்மையில் சூரியன் டிசம்பர் 22-ஆம் தேதி வாக்கிலேயே திரும்பிவிடுகிறது. பெயர் வைத்த காலத்தில் இரண்டும் ஒட்டியே இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன. இதில் யாருடைய தப்பும் கிடையாது.

சரி, திருநள்ளாற்றுப் பிரச்சினை இந்த அயனாம்சத்தால் வந்ததா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கிடையாது. வாக்கியமும் திருக்கணிதமும் இரண்டுமே நிராயணம்தான். தொடக்கக் கோட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சித்திரை முதல் நாள் இரண்டிலும் ஏப்ரல் 14-ஐ ஒட்டித்தானே வருகிறது? வித்தியாசம் சனி இருக்கும் இடத்தில். 2023 டிசம்பர் 20 அன்று சனி கும்பத்துக்குள் வந்து சேர்ந்ததாக வாக்கியம் சொன்னபோது, வானத்துச் சனி கும்பத்தில் எட்டு பாகை கடந்துவிட்டிருந்தது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் பத்து பாகை. அதில் முக்கால் பங்குக்கு மேல். சனி நகர்வதே ஆண்டுக்குப் பன்னிரண்டு பாகை என்பதால், எட்டு பாகைப் பிசகு பல மாதப் பிசகாகிவிடுகிறது.

வாக்கியக் கணிதத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு அதன்மேல் பெரிய வியப்பு உண்டு. சந்திரன் பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர சுமார் 27.55 நாள் ஆகிறது. இப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். பின்னம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் இருக்குமிடத்தை ஒரு தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 எண்களையும் 248 சின்னச் சின்ன வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்துகொண்டார்கள். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயரே அதனால் வந்ததுதான். எழுத்தை எண்ணாக்கும் முறைக்குக் கடபயாதி என்று பெயர். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. தீரசங்கராபரணம் என்பதில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு. திருப்பிப் படித்தால் 29, அதுதான் மேளகர்த்தா எண். மேசகல்யாணி 65 ஆவதும் அப்படியே.

இதை நேரில் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். ஜான் வாரன் என்று பெயர். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆனால் ஆங்கிலேயப் படையில் வேலை. (கோலார் மண்ணில் தங்கம் இருக்கிறது என்று 1802-ல் விசாரித்துப் பார்த்தவரும் இவரேதான்.) சில காலம் சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பிலும் இருந்தவர். நம் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 1825-ல் 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், காகிதமும் பேனாவும் இல்லாமல் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாய்பாட்டைச் சொல்லிச் சொல்லியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினாராம். 1825 மே 31 இரவு நடந்த கிரகணம் அது. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். பின்னாளில் ஆட்டோ நியூகெபவர் என்ற கணித வரலாற்று அறிஞர் இதைப் படித்துவிட்டு 1952-ல் தமிழர் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பல நூற்றாண்டுப் பழைய முறை, சோழி வைத்து, நான்கு நிமிடப் பிழையில் கிரகணத் தொடக்கத்தைச் சொல்லியது என்றால் சாதாரணமா?

ஆனால் அந்த 52 நிமிடத்தையும் மறைக்கக் கூடாது. சூரியனும் சந்திரனும் நேர்கோட்டில் வரும் அமாவாசை, பௌர்ணமியில்தான் பழைய சந்திரக் கணக்கு நன்றாகப் பொருந்தும். முன்னோர்கள் கிரகணத்தை வைத்தே அதைச் சரிபார்த்தார்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில், சூரியன் இழுப்பதால் சந்திரன் இரண்டரை பாகை வரை தள்ளிப் போகும். இந்தத் திருத்தம் வாக்கியத்தில் கிடையாது. பன்னிரண்டு பாகை ஒரு திதி என்பதால் இரண்டரை பாகை என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அப்படியென்றால் சப்தமி இன்று முடிகிறதா நாளை முடிகிறதா என்பதே மாறிப்போகும். இதில் ஒரு விநோதம் இருக்கிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. தொடக்கக் கோட்டை எங்கே கிழித்தாலும் இடைவெளி மாறாது. ராசிக்கும் நட்சத்திரத்துக்கும் வேண்டுமானால் அயனாம்சச் சண்டை போடலாம். திதிக்கு அந்தச் சண்டையே கிடையாது. கண்ணால் பார்த்தது சரியா, கணக்கு சரியா என்பது மட்டும்தான்.

எங்கள் குடும்பத்திலேயே அப்பாவின் திதி சில வருஷம் இரண்டு நாளில் வந்திருக்கிறது. அண்ணன் பாம்பு பஞ்சாங்கத்தை விடமாட்டார். சம்பந்தி வீட்டுப் புரோகிதர் திருக்கணிதம். அம்மா இருந்தவரை, எந்த நாள் கொடுத்தாலும் அவர் வந்து சாப்பிடுவார் என்று சொல்லிச் சமாதானம் செய்வார். இப்போது அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம். திதி உலகம் முழுவதும் ஒரே நொடியில் மாறுகிறது. ஆனால் அந்த நொடியில் எந்த ஊரில் பொழுது விடிந்திருக்கிறது, எந்த ஊரில் விடியவில்லை என்பதைப் பொறுத்து நாள் வேறுபடும். ஆக, வானத்தில் மட்டும் கோடு கிழித்தால் போதாது. பூமியிலும் கிழிக்க வேண்டும்.

சித்தாந்த நூல்களில் பூமியின் கோடு இலங்கை, உஜ்ஜயினி, குருக்ஷேத்திரம் வழியாக மேருவுக்குப் போகிறது. இலங்கை என்றதும் நம் பக்கத்து நாட்டை நினைக்க வேண்டாம். உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே பூமத்திய ரேகையில் வைத்துக்கொண்ட கற்பனைப் புள்ளி அது. இன்றைய படத்தில் பார்த்தால் இந்துமகா சமுத்திரத்துத் தண்ணீரில் விழுகிறது. அந்தக் கோட்டிலிருந்து உன் ஊர் கிழக்கே எத்தனை யோஜனை என்று பார்த்து, தேசாந்தரம் என்ற திருத்தம் செய்துகொள்ள வேண்டும். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. யோஜனையைச் சரியாக அளப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டம் வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. இங்கேதான் நுங்கம்பாக்கம் வருகிறது.

சோழமண்டலக் கரையில் பாறையும் திட்டும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் கம்பெனியின் கப்பல்கள் உடைந்துகொண்டிருந்தன. கரையை அளக்க வேண்டும்; அளப்பதற்கு உறுதியான ஒரு புள்ளி வேண்டும். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சின்ன வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அது கம்பெனியின் கைக்கு வந்தது. மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளர் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அதற்குக் கட்டடம் எழுப்பினார். நடுவில் பதினைந்து அடி உயர ஒற்றைக் கருங்கல் தூண், எடை பத்து டன். கருவி ஆடக்கூடாது என்பதற்காகவே கட்டடத்தின் சுவர்மேல் வைக்காமல் தூணின்மேல் வைத்தார்கள். தூணில் லத்தீன், தமிழ், தெலுங்கு, உருது என்று பல மொழிகளில் செய்தி வெட்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்ற எண்ணம். ஆசியாவில் கணித சாத்திரத்தை நட்டதே தாங்கள்தான் என்கிற தோரணை அதில் தொனிக்கிறது. சோழிக்காரர் படித்திருந்தால் சிரித்திருப்பார். டாப்பிங் இதோடு நிற்கவில்லை. 1794-ல் அவர் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1796-ல் இறந்துபோனார். அடுத்துப் பொறுப்பேற்றவர் ஜான் கோல்டிங்ஹாம்.

கோல்டிங்ஹாமின் முதல் தலைவலி, அந்தத் தூண் உலகில் எங்கே நிற்கிறது என்பதுதான். வடக்கு தெற்கு அறிவது எளிது; துருவ நட்சத்திரத்தின் உயரமோ உச்சிப்பொழுதுச் சூரியனின் உயரமோ போதும். கிழக்கு மேற்குக்கு நேரம் வேண்டும். கிரீன்விச்சில் மணி என்ன, அதே நொடியில் இங்கே மணி என்ன என்று தெரிந்தால் வித்தியாசம்தான் தீர்க்கரேகை: நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. தந்தி இல்லாத காலத்தில் இங்கிருந்து கிரீன்விச்சின் மணியை எப்படிப் பார்ப்பது? வியாழனைப் பார்த்தார்கள். அதன் துணைக்கோள்கள் நிழலுக்குள் மறைவதும் வெளிப்படுவதும் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நொடியில் நடக்கும். வானத்தில் தொங்கும் ஒரு பொதுக் கடிகாரம். ஆனால் அந்த ஒளி பட்டென்று அணைவதில்லை, மங்கி மங்கி அணைகிறது. எந்த நொடியில் அணைந்தது என்று கண்தான் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு நொடிப் பிழை என்றால் தரையில் சுமார் 450 மீட்டர்.

அவருக்குக் கிடைத்த விடை 80 பாகை 18 கலை 30 விகலை. நேரமாகச் சொன்னால் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே. 1802-ல் சென்னை நேரம் என்று நிர்ணயித்தது இதுதான். அதன்பின் 80 பாகை 17 கலை 21 விகலை என்று திருத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோதுதான் 80 பாகை 14 கலை 47 விகலை என்று உறுதியானது. முதல் விடைக்கும் கடைசி விடைக்கும் பதினைந்து நொடி வித்தியாசம், தரையில் ஆறரை கிலோமீட்டருக்கு மேல். கோல்டிங்ஹாமின் எண்ணை இன்றைய படத்தில் குறித்தால் நுங்கம்பாக்கம் தூண் மெரினாவுக்கு அப்பால் கடலுக்குள் நிற்கிறது!

இது வெறும் வேடிக்கை அல்ல. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் நூறடிச் சங்கிலியைப் பிடித்து ஏழரை மைல் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல்தான் முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. முக்கோணங்கள் ஊருக்கு ஊர் தூரத்தைச் சொல்லும். ஆனால் மொத்த வலையும் உலகப் படத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொன்னது இந்தத் தூண்தான். தூணின் எண் பிசகினால் காஷ்மீரம் வரை எல்லா ஊரும் அதே அளவு கிழக்கே தள்ளிப்போகும். அப்படித்தான் ஆனது. பெரும் சர்வே படங்கள் பல பதின்ம ஆண்டுகள் பழைய எண்ணிலேயே வரையப்பட்டு, பிறகு தீர்க்கரேகையில் 2 கலை 27 விகலை கழித்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது. முக்கோணங்களில் குறையில்லை, தொடக்கப் புள்ளியில்தான் குறை. லாம்டன் தன் அரை டன் எடைக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது 1808-ல் கயிறு அறுந்து கருவி நசுங்கியதும், கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அவரே அதைத் தட்டி நிமிர்த்தியதும் பலரும் கேள்விப்பட்ட கதை. அவ்வளவு பாடுபட்டவரின் வேலை, தொடக்க எண் ஒன்றினால் நகர்ந்து உட்கார்ந்ததை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அதே வளாகத்தில் வானத்துக்கும் எல்லைக்கல் நட்டார்கள். கோல்டிங்ஹாமுக்குப் பின் வந்த டாமஸ் கிளான்வில் டெய்லர் 1830 முதல் 1848 வரை இருந்து, 11,015 நட்சத்திரங்களின் இடத்தை அளந்து பட்டியலிட்டார். தெற்கு வானத்துக்கு அன்று அது பெரிய சொத்து.

இந்தக் கூடத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர் இவரே. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்து மரபு ஒரு கையில், தொலைநோக்கி மறு கையில். பழைய சித்தாந்தமும் தெரியும், கிரீன்விச் கணக்கும் தெரியும். நார்மன் போக்சன் தலைவராக இருந்த காலத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தார். 1867-ல் ரெட்டிகுலம் என்ற தென்வானத்து மண்டலத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்ததை நம் மக்களுக்கு விளக்க, இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதி வெளியிட்டார்.

இரவெல்லாம் அந்தத் தொலைநோக்கியில் கிரகங்களைப் பார்த்த மனிதர், காலையில் பஞ்சாங்கத்தைப் பிரித்தால் கிரகம் வேறிடத்தில் இருப்பதாக எழுதியிருக்கும். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கப்பல்காரர்களுக்காக இங்கிலாந்தில் அச்சாகும் நாட்டிகல் அல்மனாக் கணக்கை எடுத்து, அயனாம்சத்தைக் கழித்து, சென்னைக்குத் தேசாந்தரம் பார்த்து, திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ரிஷிகள் சொன்னதை மிலேச்சன் புத்தகத்தை வைத்துத் திருத்துவதா என்று கேட்டார்கள். ஆனால் அவருடைய வாதம் மேல்நாட்டுச் சரக்கு அல்ல. திருக் என்றால் பார்வை. கண்டதும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது பழைய சித்தாந்திகளே வற்புறுத்திய விதி. கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரன் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, 1431-ல் 'திருக்கணிதம்' என்றே நூல் எழுதியிருக்கிறார். நானூறு ஆண்டுக்கு முன் நம்மவர் செய்துகொண்டிருந்ததைத்தான் ஆச்சாரியார் மறுபடி செய்யச் சொன்னார். இடையில் திருத்தும் பழக்கம் விட்டுப்போய், வாய்பாடு மட்டும் மிஞ்சியது. சனி எட்டு பாகை பின்தங்கியதன் காரணமும் அதுதான். ஆச்சாரியார் 1880-ல் காலமானார்.

அதன்பின் எழுபது ஆண்டு, ஊருக்கொரு பஞ்சாங்கம், பஞ்சாங்கத்துக்கொரு அயனாம்சம். ரேவதி நட்சத்திரத்தைத் தொடக்கமாக வைப்போம் என்று ஒரு கட்சி. சித்திரை நட்சத்திரத்துக்கு நேரெதிரே வைப்போம் என்று இன்னொரு கட்சி. பழைய நூலின்படி சித்திரை 180 பாகையில், ரேவதி கிட்டத்தட்ட முழு வட்டத்தின் முடிவில். ஆகவே இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வானத்தில் அளந்தால் ரேவதியிலிருந்து சித்திரை 184 பாகை தள்ளி இருக்கிறது. நாலு பாகை உதைக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே நூலை ஆதாரம் காட்டின!

1952-ல் மத்திய அரசு மேகநாத் சாகாவின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு அமைத்தது. செயலாளர் என்.சி. லாகிரி. சாகா நட்சத்திர இயற்பியலில் உலகப் புகழ் பெற்றவர், பழமையில் பற்றில்லாதவர். அவர் மனசுக்குச் சாயனம்தான் சரி. ஆனால் கோயில் திருவிழாவை ஒரே நாளில் 23 நாள் நகர்த்தினால் நாடு தாங்காது என்பதும் தெரியும். ஆகவே அரசு நாட்காட்டிக்குச் சாயனம், பண்டிகைகளுக்கு நிராயணம் என்று பிரித்தார்கள். நிராயணத்துக்குச் சித்திரைக் கட்சி வென்றது: 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை. இன்று எந்த ஜோதிட மென்பொருளைத் திறந்தாலும் லாகிரி என்று வருவது இதுதான். பூமிக்கோட்டுக்கும் ஒரு சமாதானம் கண்டார்கள். தீர்க்கரேகை இந்திய நேரத்தின் எண்பத்திரண்டரை பாகை. அட்சரேகை உஜ்ஜயினியின் 23 பாகை 11 கலை. இலங்கைப் புள்ளி போய் இன்னொரு கற்பனைப் புள்ளி வந்தது. இந்தத் தடவை தண்ணீரில் இல்லாமல் தரையில் விழுந்தது, அவ்வளவுதான்.

சித்திரை நட்சத்திரமும் நிலையானதில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லா நட்சத்திரமும் மெல்ல நகர்கின்றன. அதனால் உலக வானியலார் 1998 முதல் நட்சத்திரங்களையே விட்டுவிட்டு, கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள குவாசர்களை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். முதலில் 212, 2019 முதல் 303. அவ்வளவு தூரத்தில் அவை நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது. ரேடியோ தொலைநோக்கிகளால் அவற்றைப் பார்த்தே பூமியின் சுழற்சியையும் கண்டங்களின் நகர்வையும் அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் கிரீன்விச்சின் பழைய பித்தளைக் கோடுகூடப் பூஜ்யத்தில் இல்லை. கைப்பேசியை எடுத்துப் போனால் பூஜ்யம் 102 மீட்டர் கிழக்கே தள்ளிக் காட்டுகிறது.

நுங்கம்பாக்கம் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில்தான் நிற்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், 1792-ல் நட்ட இடத்திலிருந்து அது பத்து மீட்டருக்கு மேல் பயணம் செய்திருக்கிறது, கூடவே சென்னையும் திருநள்ளாறும். கருவிகளும் வானியலும் 1899-ல் அங்கிருந்து கோடைக்கானலுக்குப் போன கதை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.